இடப்பக்கம் நின்ற எண்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிளேன்ரீக்குக் கிடைத்தது. அதுவும் நான் காசு கொடுத்த பிளேன்ரீ. கல்முனைச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற தேநீர்க்கடையில் வைத்து றவூப் சொன்னான். "காக்கா, இத எழுதிப் போடாதீங்க" என்று, என்னை அண்ணன் முறை வைத்து, மூன்று தடவை சொல்லிவிட்டு முழுவதையும் சொன்னான். எழுத வேண்டாம் என்று ஒரு கதைக்காரனிடம் வந்து சொல்கிறவனை நான் நம்புவதில்லை. என் தொழில் புடவைக்கடை. துணியை உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை.

றவூப் சவூதியில் ஐந்து வருஷம் ஒரு கம்பெனியில் கம்பியூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்தவன். இங்கே ஒரு நிவாரணச் சங்கத்துக்கு வெளிநாட்டார் யாரோ கொடுத்த கம்பியூட்டர் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது அவன்தான். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"அந்த மிசின்ல கட்டம் கட்டமா ஒரு கணக்குத் தாள் இரிக்கி காக்கா. அதுல எண்ண அடிச்சா வலப்பக்கம் ஒட்டி நிக்கும். முன்னுக்கு ஒரு சின்ன மேற்கோள் குறி போட்டுட்டு அதே எண்ண அடிச்சா இடப்பக்கம் ஒட்டி நிக்கும். அந்தக் குறி கண்ணுக்குத் தெரியா. ஆறு எண்டா ஆறுதான் தெரியும். ஆனா மிசினுக்கு அது எண் இல்ல, எழுத்து. கூட்டச் சொன்னா பூச்சியமா எடுத்துக்கும்."

"மிசின் பிழையெண்டு செல்லாதா?" என்று கேட்டேன்.

"செல்லாது. அதுதான் பயம்."

கண்ணுக்கு ஆறாகத் தெரிகிற ஒன்று கணக்கில் பூச்சியமாகப் போவதும், அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடாமல் இருப்பதும் எனக்குப் புதிதல்ல. இந்த ஊரில், இந்த வருஷங்களில் வாழ்கிறவன் நான். ஆகவே வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். கிழித்துப் போட மனமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: "1988ஆம் ஆண்டு மாரிமழை தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, வானம் கறுத்து..." இல்லை. வானத்தைக் கறுக்க வைத்துக் கதை தொடங்குகிறவன் எதையோ மறைக்கிறான்.

இரண்டாவது: "கனகரெத்தினம் அரிசியைத் திருடியிருக்கலாம்." இது எனக்குப் பிடித்தது. ஆனால் சங்கத்து அரிசியை நிறுத்துக் கொடுக்கிற கனகரெத்தினம் பாண்டிருப்புத் தமிழர். அரிசி வாங்க நிற்கிறவர்கள் நம்முடைய ஆட்கள், முஸ்லிம்கள். இரு பகுதியும் ஒருவரை ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற காலத்தில் ஒரு தமிழர் பெயரையும் திருட்டையும் ஒரே வரியில் வைத்தால், அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.*

மூன்றாவது: "கனகரெத்தினம் மிக நல்லவர்." இதை என் மனைவி றபீக்கா வாசித்துவிட்டுச் சிரித்தாள். "நல்லவரெண்டு நீங்க செல்லக்குள்ளதான் எனக்குச் சந்தேகம் வருது" என்றாள்.

(* அவரைக் கெட்டவராக எழுதினால் நான் என்னையே சந்தேகிப்பேன். நல்லவராக எழுதினால் ஊர் என்னைச் சந்தேகிக்கும். இதற்கு நடுவில் ஒரு மனிதரை எழுத எவ்வளவு இடம் இருக்கிறது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.)

3

சரி, நேராகச் சொல்கிறேன்.

வீடு வாசல் இழந்து உறவினர் வளவுகளில் ஒதுங்கியிருந்த குடும்பங்களுக்குச் சங்கம் மாதம் ஒருமுறை அரிசி கொடுத்தது. பட்டியலைக் கம்பியூட்டரில் அடித்தவள் சுஹறா, நற்பிட்டிமுனைப் பெண், இருபத்தாறு வயது. ஒரு கட்டத்தில் அட்டை இலக்கம், அடுத்ததில் குடும்பத் தலைவர் பெயர், அதற்கடுத்ததில் எத்தனை பேர். அடியில் மொத்தம். அந்த மொத்தத்தை மேலே அனுப்பினால், அதற்கு அளவாக லொறியில் அரிசி வரும். களஞ்சியத்தில் ஆளுக்கு ஆள் நிறுத்துக் கொடுப்பவர் கனகரெத்தினம். கையெழுத்து வைப்பவர் சங்கத் தலைவர் ஆதம்பாவா ஹாஜியார்.

1988 மாரியில் ஒரு மாதம் அரிசி முடிந்துவிட்டது. வரிசை முடியவில்லை.

பையோடு நின்றவர்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். லொறியில் வந்த மூட்டைகள் மொத்தத்துக்குச் சரி; அதை ஹாஜியாரே எண்ணி இறக்கியிருந்தார். அப்படியானால் இடையில் எங்கே போனது? களஞ்சியப் பூட்டின் திறப்பு கனகரெத்தினத்தின் இடுப்பில். போதாததற்கு, இரண்டு பேர் ஒரு சங்கதியைக் கண்டிருந்தார்கள். விநியோகத்துக்கு முந்தின நாள் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பிறகு, சைக்கிள் கரியலில் மூட்டை கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடி, கனகரெத்தினம் களஞ்சியத்தின் பின்பக்கமாகப் போயிருக்கிறார். ஒருதரமல்ல, பலதரம்.

அன்று பின்னேரமே கதை வளர்ந்துவிட்டது. பாண்டிருப்புக்குப் போனது என்றார்கள். அடுத்த தேநீர்க்கடையில் அதே மூட்டைகள் காட்டுக்கு, துவக்கோடு இருக்கிறவர்களிடம் போயின. காட்டுக்கு அரிசி அனுப்பினவர் என்று ஒருவர் மேல் விழுந்தால், அவரைப் படைக்காரர்கள் ஜீப்பில் கொண்டுபோய் விசாரிப்பார்கள். விசாரிக்கக் கொண்டுபோன எல்லாரும் திரும்பி வருகிற காலமல்ல இது. ஹாஜியார் பொல்லாத மனிதர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது தலைவர் கையெழுத்து வைத்த தாள். அவர் ஒருவரைக் காட்டாவிட்டால் ஊர் அவரைக் காட்டும். திங்கட்கிழமை விசாரித்துவிட்டு மதியத் தொழுகையான லுஹருக்குப் பிறகு அவரைக் கையளிக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

கனகரெத்தினத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு சுஹறாமேல் சந்தேகம் வருகிறது. கதையை எழுதுகிறவனுக்கே வந்தால் உங்களுக்கு வராமலா இருக்கும்?

ஞாயிறு காலை றவூப் கம்பியூட்டர் முன்னால் இருந்தான். சுஹறா பக்கத்தில் நின்றாள். அறைக்கதவு அகலத் திறந்திருந்தது. (அது திறந்திருந்ததை நான் எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஊர் வாசகர் மீதிக் கதையை வாசிக்க மாட்டார்.) திரையில் எத்தனை பேர் என்ற எண்கள் எல்லாம் வலப்பக்கம் ஒட்டி வரிசையாய் இறங்கின. நடுவில் ஒன்று இடப்பக்கம். கீழே இன்னொன்று. றவூப் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான்.

"இதென்ன சுஹறா, கை தவறின வேலையா?"

"ஓம்."

"பதினொரு வீட்டுக்கா?"

றவூப் பெயர்களை வாசித்தான். நாலாவது பெயருக்கு வரும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. பதினொரு பெயரும் மௌத்தானவர்களின் பெயர்கள். அந்த வருஷ ஐப்பசியில் சுடப்பட்டு இறந்தவர்கள். சுட்டவர் யார் என்று இந்தக் கதை சொல்லாது.

அடையாளம் வைத்த பட்டியல் கைமாறினால் அந்த வீடுகளுக்கு என்ன நடக்கும் என்று இந்த வருஷங்களில் எல்லாருக்கும் தெரியும். றவூப் கதிரையை விட்டு எழும்பி நின்றான்.

"ஆருக்குக் குடுக்க இந்த அடையாளம் வெச்ச?"

"ஒருத்தருக்கும் குடுக்காம இரிக்கத்தான் வெச்சன்" என்றாள் சுஹறா.

அவள் சொன்னது இதுதான். பதினொரு வீட்டிலும் கணவனை இழந்த பெண்கள் இத்தாவில் இருந்தார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வர மாட்டார்கள், அந்நிய ஆண் கண்ணில் பட மாட்டார்கள், வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். பிள்ளைகளோ சின்னஞ்சிறுசுகள். அரிசி வீட்டுக்குப் போக வேண்டும். எந்த வீடு என்று அவளுக்கு ஒரு ஞாபகக்குறி வேண்டும். ஆனால் அந்தத் தாள் மூன்று பிரதியாக அச்சாகி மூன்று இடத்துக்குப் போகிறது. 'இத்தா' என்று ஓரத்தில் எழுதினால், ஆண் இல்லாத வீடுகள் எல்லாம் ஒரே தாளில் யார் யார் கைக்கோ போய்ச் சேரும். அக்கம்பக்கத்துக்குத் தெரியும்தான். ஆனால் அக்கம்பக்கத்துக்குத் தெரிவது வேறு, தாளில் வருவது வேறு. அதனால் குடும்பத் தலைவர் பெயர்களையும் அவள் மாற்றவில்லை. மௌத்தானவர்கள் தாளில் வீட்டைக் காவல் காத்தார்கள்.

பூச்சியத்தில் தொடங்கும் அட்டை இலக்கங்களுக்கு முன்னால் குறி போட வேண்டும், அப்போதுதான் பூச்சியம் அழியாது என்று றவூப்தான் முன்பு சொல்லிக் கொடுத்திருந்தான். குறி போட்டால் இடப்பக்கம் ஒதுங்கும் என்று அவள் அப்போது கண்டுகொண்டாள். தெரியாதவன் கண்ணுக்கு அது அச்சுப்பிழை, அவளுக்கு அது ஒரு திரை. பதினொரு வீட்டிலும் எத்தனை பேர் என்ற எண்ணுக்கு அவள் அந்தத் திரையைப் போட்டாள்.

மிசினுக்கும் அது திரைதான் என்று அவளுக்குத் தெரியாது.

(தெரியுமா? இந்த வரியை ஐந்து தடவை வெட்டியிருக்கிறேன். கடைசியில் தெரியாது என்றே விட்டேன். தெரிந்திருந்தால் அவள் பட்டினி கிடக்க விட்டிருப்பது தன் ஊர்ச் சனத்தை. அவ்வளவு தூரம் சந்தேகிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

5

றவூப் மறுபடி உட்கார்ந்தான்.

குறிகளை அழித்துவிட்டால் எண்கள் வலப்பக்கம் போய்விடும், மொத்தம் சரியாகிவிடும். அதைத்தான் அவன் செய்யப் போனான். சுஹறா கையை நீட்டித் தடுத்தாள். அடுத்த மாதமும் இந்த வீடுகளுக்கு அரிசி போக வேண்டுமே.

"எண்ண எழுத்தாவே விட்டுட்டுக் கூட்ட ஏலாதா?"

ஏலும். பக்கத்துக் கட்டத்தில் ஒரு சூத்திரம் அடித்தான். 'வெல்யூ' என்று பெயர். அடைப்புக்குள் எந்தக் கட்டம் என்று கொடுத்தால், அங்கே எழுத்தாய் நிற்பதை எண்ணாய் வாசித்துத் தரும். ஏற்கனவே எண்ணாய் நிற்பதை அப்படியே விடும். அதை மேலிருந்து கீழ்வரை பிரதி பண்ணினான். புதிய வரிசையில் எல்லா எண்களும் வலப்பக்கம் ஒன்றுபோல நின்றன. அதைக் கூட்டினான். பழைய மொத்தத்தைவிட ஐம்பத்தெட்டு கூட.

வெறும் பையோடு திரும்பிய குடும்பங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டுப் பேர்.

"மனிசன் எடுக்கல்ல, மிசின் எண்ணல்ல" என்றான் றவூப்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். றவூப் சொன்னபோது இந்த இடத்தில் பெருமையாக நிறுத்தி, பிளேன்ரீயை உறிஞ்சினான். சூத்திரம் வென்றது என்ற நினைப்பு அவனுக்கு. நான் கேட்டேன்: "அப்ப சைக்கிள்?"

அவன் பிளேன்ரீயைக் கீழே வைத்தான்.

6

திங்கட்கிழமை காலை, களஞ்சியத்துக்குள்.

ஹாஜியார் பழைய தாளையும் புதிய தாளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். அவர் நெல் வியாபாரி, கணக்கில் புலி. ஐம்பத்தெட்டு எப்படி வந்தது என்பதை ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார்.

"சரி. மிசின் எண்ணாம உட்டிரிக்கி. நான் நம்புறன்" என்றார். "ஆனா மிசின் மூட்டைய சைக்கிள்ள கட்டல்லயே. கனகரெத்தினம், வைக்கோல் போட்டு மூடி எங்க கொண்டு போன?"

கனகரெத்தினத்துக்கு ஐம்பது கடந்த வயது. கையில் தொப்பி மாதிரி ஒரு துவாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஓரமாய் சுஹறா, வெளியே யன்னலோரம் ஆட்கள் கூடியிருந்தார்கள். பதினொரு வீட்டுக்கும் வைக்கோலுக்குள் மறைத்து மூட்டை கொண்டுபோய் வேலிக்குள் இறக்கியவர் அவர். "அண்ணன், ஆம்புளை இல்லாத வீடு இது எண்டு ஒருத்தருக்கும் தெரியப்படா" என்று சுஹறா அவரிடம் கேட்டிருந்தாள். அவர் தலையாட்டியிருந்தார்.

"வீடுகளுக்குக் குடுத்த எண்டா ஒரு வீட்டச் செல்லு போதும்" என்றார் ஹாஜியார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. அவருக்கும் இந்த மனிதரைக் கையளிக்க விருப்பமில்லை. "ஒரே ஒரு வீடு."

கனகரெத்தினம் யன்னலில் நின்ற முகங்களைப் பார்த்தார். எல்லாரும் நல்லவர்களாக இருக்கலாம். ஒருவன் இல்லாமலும் இருக்கலாம்.

"நான்தான் எடுத்த, ஹாஜியார்" என்றார்.

[இந்த வரியை எழுதிவிட்டு நான் பேனையை மூடிவிட்டேன். இவ்வளவு நல்ல மனிதரை நான் என் கடைக்குள் ஒருநாளும் கண்டதில்லை. றவூப் சொன்னானா, நான் சேர்த்தேனா என்றே குழப்பமாகிவிட்டது. அவனிடம் திரும்பக் கேட்டேன். "அவர் என்ன செல்லினாரெண்டு எனக்குத் தெரியா காக்கா, நான் வெளிய நிண்டன்" என்றான். ஆக, வரி என்னுடையது. நான் அதை எழுதினேன், பிறகு நானே அதைச் சந்தேகித்தேன். ஆனாலும் அழிக்க முடியவில்லை. அழித்தால் மனதுக்குள் யாரோ அழுகிறார்கள்.]

7

இனி முடிவுகள்.

முடிவு ஒன்று: சுஹறா பதினொரு வீட்டையும் சொல்கிறாள். கனகரெத்தினம் வீட்டுக்குப் போகிறார். பட்டியல் ஊர் முழுக்கப் போகிறது. அதற்குப் பிறகு ஓர் இரவில் ஒரு வீட்டு வேலி... இல்லை, இதை எழுத மாட்டேன்.

முடிவு இரண்டு: சுஹறா வாயை மூடுகிறாள். லுஹருக்குப் பிறகு ஜீப் வருகிறது. கனகரெத்தினத்தின் மனைவி கனகேஸ்வரி பாண்டிருப்புச் சந்தியில்... இதையும் எழுத மாட்டேன்.

இரண்டையும் றபீக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டும் சரியில்ல" என்றாள்.

"மூணாவது இரிக்கா?"

"சுஹறா மறைக்கிறா. கனகரெத்தினம் மறைக்கிறார். றவூப் பயப்புடுறார். நீங்க இஞ்ச இருந்துகொண்டு வெட்டி வெட்டி எழுதுறீங்க. அந்தப் பதினொரு பொம்புளையள்ள ஒருத்தியயாவது ஆரும் கேட்டீங்களா?"

நான் திகைத்துப்போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது தோன்றவேயில்லை. இத்தாவில் இருக்கிற பெண்ணை நான் திரைக்குப் பின்னால் வைத்தேன், பிறகு அவளுக்கு வாய் இருப்பதையே மறந்துவிட்டேன். அந்த மிசினைப் பற்றி இவ்வளவு நேரம் நான் ஏளனமாக எழுதியதை எண்ணி எனக்குக் கோபம் வந்தது. என்மேல்தான்.

"ஆம்புளை போய்க் கேக்க ஏலா" என்றேன், தப்பிக்கப் பார்த்து.

"சுஹறா ஆம்புளையா?"

"அவ போனா அந்தப் பொம்புள என்ன செல்லுவா? எனக்கு எப்படித் தெரியும்?"

றபீக்கா இலையை உதறிவிட்டு எழும்பினாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு படலையைத் திறந்து போனாள். எங்கே என்று சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள்.

"எழுதிக்கோங்க" என்றாள்.

"ஆரு செல்லினது?"

"சல்மா உம்மா எண்டு பேர் வெச்சுக்கோங்க."

"உண்டாக்கின கதைக்குள்ள நீ போய் ஆரக் கண்ட?"

"நீங்கதான் உண்டாக்கின எண்டு நினச்சிக்கிட்டு இரிக்கிறீங்க" என்றாள் றபீக்கா. இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுசி. இன்றைக்கு வரை எனக்கு அவள்மேலும் சந்தேகம் தீரவில்லை.

8

றபீக்கா சொன்னபடி எழுதுகிறேன்.

சுஹறா களஞ்சியத்திலிருந்து இறங்கி, வேகமாய் நடந்து, சல்மா உம்மாவின் வீட்டுக்குள் போனாள். வீட்டில் ஆறு பேர். சல்மா உம்மா, மாமி, நாலு பிள்ளைகள். சுஹறா நடந்ததைச் சொன்னாள். தாளைப் பற்றி, குறியைப் பற்றி, சைக்கிளைப் பற்றி, கனகரெத்தினம் சொன்ன பொய்யைப் பற்றி.

சல்மா உம்மா கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"அந்த மனிசன் எங்கட பேர செல்லல்லயா?"

"செல்லல்ல."

"அடிப்பாங்க எண்டு தெரிஞ்சுமா?"

"ஓம்."

வெள்ளைச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ட வீட்டச் செல்லு மகள். ஆறு பேருக்குரிய அரிசி இஞ்சதான் வந்திரிக்கி எண்டு ஹாஜியார்ட காதுக்குள்ள செல்லு. தேவைப்பட்டா அவர் வாசலுக்கு வரட்டும், நான் உள்ளுக்கு நிண்டு கதைக்கிறன். மத்தப் பத்து வீட்டயும் செல்லிராத. அவங்கள நீ கேக்கல்ல. கேட்டு முடிக்க நேரமும் இல்ல."

சுஹறா திரும்பி ஓடினாள். ஓடினாள் என்று எழுதுவது மரியாதையில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். அவள் ஓடினாள்.

ஹாஜியார் குனிந்து காது கொடுத்தார். கேட்டார். நிமிர்ந்தார். யன்னலில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். கனகரெத்தினம் துவாயை விடவில்லை.

ஆறு பேரின் அரிசிக்கு இப்போது ஒரு சாட்சி இருக்கிறது. ஐம்பத்தெட்டில் ஆறு போனால் ஐம்பத்திரண்டு. அந்த ஐம்பத்திரண்டு பேரின் அரிசியும் சைக்கிளில் உரிய வீடுகளுக்குத்தான் போனது என்று சொல்ல ஒருவரும் வர மாட்டார்கள். எந்தச் சூத்திரமும் அதை எண்ணாக்கித் தராது. ஹாஜியார் கனகரெத்தினத்தின் முகத்தைப் பார்த்து நம்ப வேண்டும், அல்லது விட வேண்டும்.

நம்பினார் என்று நான் எழுதினால், என் சமூகத்தைப் பற்றிப் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். நம்பவில்லை என்று எழுதினால், காட்டிக்கொடுக்கிறேன் என்பீர்கள். இரண்டுக்கும் நான் ஆளில்லை. நான் சந்தேகப்பட்டே பழகியவன், என் கையில் இந்தத் தீர்ப்பைக் கொடுக்கக் கூடாது.

நீங்கள் இந்தக் கதையை இவ்வளவு தூரம் வாசித்திருக்கிறீர்கள். கனகரெத்தினத்தை எந்த இடத்தில் நம்பினீர்கள், எந்த இடத்தில் நம்பவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. ஜீப்புச் சத்தம் தார் ரோட்டில் கேட்கிறது. ஹாஜியார் அந்த மனிதரிலிருந்து கண்ணை எடுத்து உங்களைப் பார்க்கிறார். ஐம்பத்திரண்டு பேரின் அரிசி. என்ன சொல்கிறீர்கள்?